குழாய்க்குள் ஒரு சில்லு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை. இங்கே ஓடுகிற தண்ணீரில் கரன்ட் எடுக்கப் போகிறோம் என்று ஒருவர் வந்து சொன்னால் சிரிப்புத்தான் வரும். எங்கள் முன்பள்ளிக் கொட்டிலில் கூட்டம் வைத்து அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். நான் அங்கே ரீச்சர் என்பதால் கொஞ்சம் அடக்கமாகச் சிரித்திருக்க வேண்டும், அடக்கவில்லை. அன்று மாலை அண்ணைக்குப் போன் எடுத்து, அவரும் சிரிக்கட்டும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குழாயிலை அழுத்தம் எவ்வளவாம்?" என்று கேட்டார்.

அண்ணை அப்போது அரியாலையில் ஒரு வாடகை அறையில் இருந்தார். ஊரை விட்டு அவரைக் கிளப்பியது அவருடைய நெஞ்சு. இளவயதில் குழாய்க்கிணறு துளைக்கும் வேலை. சுண்ணக்கல் தூளை மூச்சோடு இழுத்தே காலம் போனது. பிறகு கிணற்று மோட்டர் திருத்தும் வேலை. கொரோனாவில் படுத்து எழும்பியவருக்கு மூச்சு மட்டும் எழும்பவில்லை. தூசியா காய்ச்சலா என்று டொக்டர்மார் உறுதியாகச் சொல்லவில்லை. நுரையீரல் இறுகிவிட்டது, இனி ஒட்சிசன் மெசின் இல்லாமல் ஏலாது என்று மட்டும் சொன்னார்கள். மெசினுக்கு இரவு பகல் கரன்ட் வேண்டும். எங்கள் ஊரில் கரன்ட் இல்லை.

ஊர் என்று சொல்வதே பெரிய பேச்சு. குடாநாட்டின் கிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடல்நீரேரியுமாகக் கிடக்கும் மணல் துண்டு. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து குடியேறினோம். நாங்கள் குடியிருக்கும் நிலம் யாருடையது என்று இரண்டு அரசாங்கக் கந்தோர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அது முடியுமட்டும் மின்கம்பம் நட முடியாதாம். ஆனால் பெருநிலத்தில் இருந்து வரும் தண்ணீர்க் குழாய் எங்கள் மணலுக்குள்ளால் போக அனுமதி கிடைத்துவிட்டது. குழாய் மண்ணுக்குக் கீழே போவதால் கந்தோர்களின் கண்ணில் படவில்லை என்று அண்ணை சொல்வார்.

அந்தக் குழாய் எங்களுக்கென்று வந்ததில்லை. எங்களுக்கு ஒரு சின்னக் கிளையை மட்டும் விட்டு, எங்களைத் தாண்டி, அடுத்த கிராமத்தில் இருக்கும் பெரிய தொட்டிக்குப் போகிறது. அது விவசாயக் கிராமம். மதில் கட்டிய வளவுகள், வெங்காயத் தோட்டங்கள், வீட்டுக்கு வீடு கிணறு. தொட்டிக்குப் போகும் தண்ணீருக்கு அழுத்தம் கூட. அதைக் குறைக்க எங்கள் பக்கத்தில் ஒரு வால்வு வைத்திருந்தார்கள். அந்த வால்வு வீணாக்கும் பலத்தை ஒரு சில்லை, சின்னச் சக்கரம் ஒன்றை, சுழற்ற விட்டால், தண்ணீருக்கும் குறைவில்லை, எங்களுக்கும் கரன்ட் வரும் என்பதுதான் கூட்டத்தில் சொன்ன விசயம்.

சொன்னவர் ஒரு இஞ்சினியர். எங்கள் பக்கத்துப் பொடியன்தான், ஆனால் நெடுங்காலம் மலைநாட்டில் இருந்து, தேயிலைத் தோட்ட லயங்களுக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் சின்னச் சின்ன ஓடைகளில் நீர்மின் போட்டுக் கொடுத்தவர். வேலையில் கெட்டிக்காரர், அதைவிடக் கவனமானவர். ஆடி, ஆவணி மாதத்து வெயிலில், கிணறெல்லாம் உவர்த்துப்போய்க் கிடந்த நேரத்தில், குழாயில் மீற்றரைப் பூட்டி நாட்கணக்கில் பக்கத்தில் குந்தியிருந்து ஓட்டத்தை அளந்தார். ஏன் இந்த வெயிலில் கிடந்து சாகிறீர்கள் என்று கேட்டேன்.

"வறட்சியிலை அளக்கோணும் அக்கா. ஆகக் குறைஞ்ச தண்ணி ஓடுற நேரம் இதுதானே. இதுக்கே சில்லு சுத்துமெண்டால் மழைக்குக் கேக்கவே தேவையில்லை" என்றார்.

மலையில் அது சரி. மழை பெய்தால் ஓடை பெருகும், வெயிலில் வற்றும். இங்கே தலைகீழ். மழை பெய்தால் கிணறு நிரம்பும், உவர் போகும், தண்ணீர் இனிக்கும். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரை யார் சீண்டுவார்கள்? அது மருந்து மணக்கிறது, தேத்தண்ணிக்குக் கூடாது, பருப்பு அவியாது என்று ஆயிரம் குற்றம். மாரி தொடங்கினால் தொட்டி இருக்கும் அந்தக் கிராமத்தில் குழாய் பூட்டியபடியே கிடக்கும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இஞ்சினியருக்கும் சின்ன வயதில் தெரிந்திருக்கும். ஆனால் அதையும் சில்லையும் சேர்த்து ஒருவருக்கும் யோசனை போகவில்லை. மழை வந்தால் தண்ணீர் குறையும் என்று எந்த மனிதனுக்குத்தான் யோசனை வரும்?

சில்லு வந்து இறங்கியபோது ஏமாற்றமாக இருந்தது. பெரிதாக ஏதோ வரும் என்று நினைத்திருந்தோம். வந்தது ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கக்கூடிய இரும்பு. வால்வுக் கிடங்குக்குள் இறக்கிப் பூட்டினார்கள். தண்ணீரைத் திறந்ததும் உள்ளே ஒரு இரைச்சல் கேட்டது. என் முன்பள்ளியில் இருந்த பல்ப் எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் அழுதேன். பகலில் எரிகிற பல்ப்பைப் பார்த்து அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணை அடுத்த கிழமையே வந்துவிட்டார். அரியாலை அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும். "நான் என்ன குற்றம் செய்தனான் எண்டு என்னை உந்த அறைக்கை போட்டவை?" என்று என்னை ஒவ்வொரு முறையும் கேட்டு, நான் பஸ் ஏறிய பிறகு தானே போன் எடுத்துச் சமாதானம் சொல்வார். அவர் கலியாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை, எங்களுக்கு நாங்கள்தான். வான் பிடித்து மெசினையும் ஆளையும் ஏற்றி வந்தேன். கடல் தெரிந்த இடத்தில் வானை நிற்பாட்டச் சொன்னார். மூக்கில் குழாயோடு கொஞ்ச நேரம் பார்த்தார். "நாறுது" என்றார். அவ்வளவு சந்தோசமாக அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புரட்டாசி முழுக்க நன்றாகப் போனது. மெசின் ஒரு மூலையில் இரையும். அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு பற்றறி, அதை ஏற்றக் கூரையில் ஒரு சின்னச் சோலார் தட்டு. அண்ணை வாசலில் கதிரை போட்டு, நீள மூக்குக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து இருப்பார். அடுத்த கிராமத்தில் இருந்து ஆட்கள் தங்கள் மோட்டர்களைக் கொண்டு வருவார்கள். அவர் தொடமாட்டார், மூச்சு இடம் கொடுக்காது. எதைக் கழற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று வாயால் சொல்வார், அவர்கள் செய்வார்கள். அந்தக் கிராமத்தில் அவர் துளைக்காத கிணறு குறைவு, அவர் கை படாத மோட்டரே இல்லை. ஒரு முறை சந்தேகத்தில் கேட்டேன், "அண்ணை, கரன்ட் நிண்டால்?" என்று. "தொட்டியிலை தண்ணி குறையக் குறையச் சில்லு சுத்தும். அவங்கள் தண்ணி பாவிக்காமல் விடுவாங்களே?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்தது. பிறகு அடுத்தது. கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு நாள் காலை கரன்ட் நின்றது. பற்றறியில் மெசின் ஓடியது. மத்தியானம் கரன்ட் கொஞ்சம் வந்தது, போனது. அடுத்த நாள் வரவேயில்லை. இஞ்சினியர் முழங்கால் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து கிடங்கைத் திறந்து பார்த்தார். சில்லில் ஒரு பிழையும் இல்லை. குழாயில் ஓட்டம் இல்லை. அந்த மனிதன் கிடங்கு விளிம்பில் அப்படியே குந்தினார். மழை முதுகில் அடிக்கிறது, எழும்பவில்லை.

"தொட்டி நிரம்பிப் போச்சுது அக்கா. நிரம்பினால் மிதவை குழாயைப் பூட்டும். ஒருத்தரும் பைப்பைத் திறக்கேல்லை."

"மழைக்கு ஆர் தம்பி பைப்பைத் திறக்கிறது?" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. எங்கள் பத்துப் பதினைந்து வீட்டுப் பைப்பைத் திறந்து விட்டாலும் சில்லு அசையாது. அந்தப் பெரிய கிராமம் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டால் வேலை முடிந்தது. காவலாளிக்கும் மனம் இருந்தது, ஆனால் கந்தோர் அனுமதி இல்லாமல் தொடமாட்டார். இஞ்சினியர் போனில் கத்தினார், கெஞ்சினார். சுத்திகரித்த குடிதண்ணீரை வெள்ளத்துக்குள் திறந்துவிடுவதற்குக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரியும் தயாரில்லை. மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பற்றறி இறங்கிவிட்டது, சோலார் தட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மீன்பிடிச் சங்கத்துச் சின்ன ஜெனரேற்றரை வாங்கி ஓட்டினோம். பெற்றோல் இருந்த மட்டும் ஓடியது. அதற்குள் பிரதான வீதியில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது, வெளியில் இருந்து ஒன்றும் வர வழியில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவம் அண்ணை என்றேன். மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருந்து மறுபடி அரியாலை அறைக்குத்தான் அனுப்புவேன் என்று அவருக்குத் தெரியும். கோபம் வந்தது எனக்கு. "சாகப்போறீங்களோ?" என்று கேட்டேன். மூச்சுக்கு இடையில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நீ போய்... அவங்களிட்டைக் கேள். எனக்காகத் திறப்பாங்கள்."

குடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போனேன். கால்வாசித் தூரத்திலேயே குடை போய்விட்டது. வெள்ளத்துக்குள்ளால் நடந்து, வாசல் படலை ஒவ்வொன்றாகத் தட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் நல்ல சனம். உள்ளுக்கு வாங்கோ ரீச்சர், துவாயைப் பிடியுங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. நான் தேத்தண்ணி வேண்டாம், பைப்பைத் திறந்து விடுங்கள் என்றேன். அண்ணையின் மெசின் கதையைச் சொன்னேன். எல்லாருக்கும் விளங்கியது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல் வீட்டு ஐயா தோட்டக்காரர். தன் முற்றத்தைக் காட்டினார். முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது, செருப்பு ஒன்று மிதந்தது. "பிள்ளை, இதுக்கை இன்னும் தண்ணியைத் திறந்து விடவோ? வீட்டுக்கை ஏறிப்போடுமே" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. கால் மணித்தியாலம் திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார், திறந்தும் விட்டார். நான் ஒழுங்கையைத் தாண்டுவதற்குள் பூட்டும் சத்தம் கேட்டது.

அடுத்த வீட்டில் ஒரு அம்மா. அண்ணை துளைத்த கிணறுகளில் முதல் முதல் நல்ல தண்ணீர் கண்டது அவர்கள் வளவில்தான். அவர் கண் கலங்கினார். குடையோடு படலையடிக்குப் போய்ப் பைப்பைத் திருகினார். அது இறுகிப்போய்த் திரும்பவில்லை.

"மழைக்குப் பிறகு எப்ப திறந்ததோ தெரியாது பிள்ளை. ஓ, பக்கத்து வீட்டு வாத்தியார் செத்த அண்டைக்கு. செத்த வீட்டாலை வந்து உந்தப் பைப்பிலைதானே முழுகினனாங்கள். துடக்கோடை, தீட்டோடை கிணத்தடிக்குப் போகக்கூடாதே."

நானும் சேர்ந்து திருகியதும் தண்ணீர் பாய்ந்தது. அந்த அம்மா ஓடிப் போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தார். வாளி நிரம்பியது. இன்னொன்று வைத்தார். அதுவும் நிரம்பியது. பிறகு ஒரு பானை. வீட்டில் இருந்த ஏனமெல்லாம் முடிந்தது. வழிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை தன்பாட்டில் போய்ப் பைப்பைப் பூட்டியது.

"நீ கேக்கிறது விளங்குது பிள்ளை. என்ரை கை விடுதில்லை" என்றார்.

அவரை நான் என்னவென்று ஏசுவது? குழாய் வருமுன் பங்குனி, சித்திரையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இவர்கள் எவ்வளவு தூரம் நடந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். முகம் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றி, அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கு வைத்துப் பழகிய சனம். நானே என் முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பைப்பை இறுக்கிப் பூட்டு, சொட்டக்கூடாது என்று. அந்தப் பாட்டை ஆட்டத்தோடு சொல்லிக் கொடுப்பவள் நான். அன்று அந்தக் கிராமத்தில் திறந்து விடச் சொல்லி அலைந்தவளும் நான்தான்.

எத்தனை வீடு ஏறினேன் என்று நினைவில்லை. கொஞ்சப் பேர் திறந்தார்கள். எல்லாரும் எனக்குப் பின்னால் பூட்டினார்கள். ஒருவரும் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பாண், மெழுகுதிரி, ஒரு போத்தல் பெற்றோல்கூட மோட்டார் சைக்கிளில் இருந்து இழுத்துத் தந்தார்கள். இருக்கிற எல்லாவற்றையும் தந்தார்கள். தண்ணீரை வீணாக்க மட்டும் அவர்களால் முடியவில்லை.

அந்தப் பெற்றோலில் மெசின் அன்று பின்னேரம் கொஞ்சம் ஓடியது. அண்ணைக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "திறந்தாங்களோ?" என்று கேட்டார். ஓம் அண்ணை, எல்லாரும் திறந்தவை, கரன்ட் வரும் என்றேன். அவர் மேசையில் இருந்த மெசினைப் பார்த்தார், வாசலில் நின்ற ஜெனரேற்றரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மோட்டர்ச் சத்தத்தோடு வாழ்ந்தவருக்கு எந்தச் சத்தம் எதில் இருந்து வருகிறது என்று தெரியாமல் இருக்குமா? என் கையைத் தட்டினார்.

அடுத்த நாள் அவரைக் கேட்காமலே உழவு மெசினுக்கு, பெட்டி பூட்டிய ட்ரக்டருக்கு, சொல்லி அனுப்பினேன். அது வெள்ளத்துக்குள்ளால் வந்து சேரப் பின்னேரம் ஆகிவிட்டது. பெட்டியில் மெத்தை விரித்து, மேலே மழைக்குப் படங்கு கட்டி எல்லாம் தயாராக்கினோம். உள்ளே போய்த் தூக்கும்போது கை குளிர்ந்து கிடந்தது. உதடு நீலம். உழவு மெசின்காரர் என்ஜினை நிற்பாட்டினார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

செத்த வீட்டுக்கு வராத ஆள் இல்லை. அவர் மோட்டர் பூட்டிய வளவெல்லாம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் வந்தார்கள். வாளி வைத்த அந்த அம்மா என்னைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைத்தார். என் அண்ணையின் கிணற்றைச் சொல்லி, அதில் வந்த தண்ணீரைச் சொல்லி அழுதார். எனக்கு ஒரு துளி கண்ணீர் வரவில்லை. நீ ஒரு மணித்தியாலம் பைப்பைத் திறந்து விட்டிருந்தால் என்று கேட்க வாய் வந்தது, கேட்காமல் விட்டேன். இஞ்சினியர் மூலையில் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மழை விட்ட இடைவெளியில் ஆண்கள் சுடலைக்குக் கொண்டு போனார்கள். நனைந்த விறகுக்கு நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்ததாம்.

எல்லாரும் போன பிறகு தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு அண்ணையின் கதிரையில் இருந்தேன். பொழுது சாய்ந்து, வீட்டுக்குள் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. விளக்குக் கொளுத்த எழும்ப மனமில்லை.

அப்போது தலைக்கு மேலே பல்ப் எரிந்தது. உள் அறையில் மெசின் ஒரு முறை கீச்சிட்டது. பிறகு அதன் பழைய இரைச்சல் தொடங்கியது. கரன்ட் நின்ற நேரத்தில் அதன் சுவிட்சை ஒருவரும் நிற்பாட்டவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். வெறும் கட்டிலில் கிடந்த குழாயின் நுனியில் காற்று வந்துகொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தது.

வெளியே முன்பள்ளிப் பல்ப்பும் எரிந்தது. இது எப்படி என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். துடக்கோடு கிணற்றடிக்குப் போகாமல் அந்தக் கிராமம் முழுக்கப் படலையடியில் நின்று பைப்பைத் திறந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் பிள்ளையும் தலை முழுகுகிறார்கள், உடுப்புத் தோய்க்கிறார்கள். என் அண்ணைக்காக எல்லாரும் திறந்துவிட்டார்கள். அவர் சொன்னபடியே.

மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை ஓட வைக்கத்தான் அத்தனை படலைக்கும் ஏறி இறங்கினேன். கையை நீட்டி நானே அதை நிற்பாட்டினேன்.